இதயத்தைச் சூழ்ந்த கொழுப்பும் மாரடைப்பும்

“உடல் மெலிந்துதானே இருக்கிறது, இதயத்தைச் சுற்றி மட்டும் எப்படிக் கொழுப்பு சேரும்?” ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

இதயத்தசைக்கும் அதை மூடியுள்ள உறைக்கும் இடையே எல்லோருக்கும் ஓரளவு கொழுப்பு உண்டு. அது இதயத்தசைக்கு எரிபொருள் தருகிறது. இரத்தக்குழாய்களுக்கு மெத்தையாகவும் அமைகிறது. அளவு மிகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனிகள் பெரும்பாலும் இக்கொழுப்பினூடே செல்கின்றன. கொழுப்புக்கும் தமனிச் சுவருக்கும் இடையே தடுப்புச் சவ்வு ஏதுமில்லை. மிகுதியான கொழுப்பு, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. அவை தமனிச் சுவரை எட்டி, உள்ளே அடைப்பு வளரத் துணைபுரியக்கூடும். சிலருக்குத் தமனியின் ஒரு பகுதி இதயத்தசைக்குள் புதைந்து செல்லும். அப்பகுதியில் அடைப்பு அரிதாகவே காணப்படுகிறது. கொழுப்பின் தொடர்பு அங்கே இல்லாமையும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்று கருதப்படுகிறது.

ஆயினும் இக்கொழுப்பு ஒன்றே மாரடைப்பை உண்டாக்குகிறது என்று நாங்கள் கூறமாட்டோம். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், கெட்ட கொலஸ்டிரால் ஆகியவற்றோடு சேர்த்தே இதனை எடைபோடுகிறோம். அறிக்கையில் இச்சொல் இருப்பதாலேயே அடைப்பு உள்ளதென அஞ்ச வேண்டியதில்லை.

வயிற்றினுள் சேரும் கொழுப்போடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. உடல் எடை அளவாக இருந்தும் வயிறு பெருத்திருப்பது இந்தியரிடையே மிகுதி. ஆகவே எடையுடன் இடுப்பின் சுற்றளவையும் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவைத் தாண்டினால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

உடல் எடை குறையும்போது இதயத்தைச் சூழ்ந்த கொழுப்பும் குறைகிறது என்பது ஆறுதலான செய்தி. மருத்துவரின் ஒப்புதலுடன் வாரத்துக்கு 150 நிமிட விரைவு நடையை மேற்கொள்ளுங்கள். இனிப்பையும் பொரித்த பண்டங்களையும் குறையுங்கள். புகைப்பதை அறவே நிறுத்துங்கள். மாத்திரைகளை மட்டும் தாமாக நிறுத்தாதீர்கள். நோயாளிக்கெனத் தனிச்சமையல் செய்வதைவிட, வீட்டிலுள்ள அனைவரும் அதே உணவை உண்பது அவருக்குப் பெருந்துணையாகும்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் வாயுத்தொல்லை என்று எண்ணிக் காத்திராதீர்கள். மெலிந்த உடலினர்க்கும் இது பொருந்தும். உடனே 108-ஐ அழையுங்கள்.