எண் போட்ட நாற்காலி

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள சண்டர்லேண்ட்காரர்களுக்கு ஒரு பெருமை. தேர்தல் என்று வந்துவிட்டால், வாக்குகளை நாட்டிலேயே முதலில் எண்ணி முடிக்கும் ஊர் தங்களுடையதாக இருக்க வேண்டும். பெட்டிகள் வந்து இறங்கியதும் இளைஞர்கள் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி, ஓட்டமாக ஓடி அரங்குக்குள் சேர்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா வெளியேறுவதா என்று வாக்கெடுப்பு நடந்த 2016 ஜூன் 23 இரவும் அப்படித்தான் ஓடினார்கள். அன்றைக்குப் பக்கத்து நியூகாசில் கொஞ்சம் முந்திக்கொண்டது. ஆனாலும் உலகம் நினைவில் வைத்திருப்பது சண்டர்லேண்டைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற 82,394 வாக்குகள். நீடிக்க 51,930. முடிவை வாசித்துக்கொண்டிருக்கும்போதே பவுண்டின் மதிப்பு சரியத் தொடங்கியது. விடிவதற்குள் 1985-க்குப் பிறகு காணாத அளவுக்கு விழுந்தது.

மறுநாள் லண்டனில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தங்கள் தலையில் தாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வார்களா? சண்டர்லேண்டில் ஒரு பெரிய கார் ஆலை இருக்கிறது. 1986-இல் திறந்தது. அங்கே தயாராகும் கார்களில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத்தான் கப்பல் ஏறும். அப்படிப்பட்ட ஊரே வெளியேறச் சொன்னால், அது ஏமாந்த ஊராகத்தான் இருக்க வேண்டும் என்று படித்தவர்கள் தீர்ப்பு எழுதினார்கள்.

கார் ஆலையைப் பார்த்தவர்கள் ஆற்றங்கரையைப் பார்க்கவில்லை. வியர் நதிக்கரையில் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டியவர்கள் அவர்கள். கடைசிக் கப்பல்தளம் 1988-இல் மூடப்பட்டது. நதிக்கு வடகரையில் இருந்த மாங்க்வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் 1993-இல் போனது. சுரங்கம் இருந்த இடத்தில் இன்று கால்பந்து அரங்கம் நிற்கிறது. வெளியே சுரங்கத் தொழிலாளியின் விளக்கைப் பெரிதாகச் செய்து நினைவுச்சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். அப்பன் கையில் பிடித்து இறங்கிய விளக்கை மகன் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போகும் வழியில் பார்க்கிறான்.

வாக்கெடுப்புக்கு முன்பு நியூகாசிலில் ஒரு கூட்டம் நடந்தது. வெளியேறினால் நாட்டின் ஜிடிபி எவ்வளவு குறையும் என்று பேராசிரியர் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து ஒரு பெண், அது உங்கள் ஜிடிபி, எங்களுடையது இல்லை என்று கத்தினார். அந்த ஒரு வரிக்குள் முப்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. வளர்ச்சி வந்தபோது நம் தெருவுக்கு வரவில்லை. சரிவு வந்தால் மட்டும் நமக்கென்ன புதிதாகப் போய்விடும்?

வேல்ஸில் எப்பு வேல் என்றொரு பள்ளத்தாக்கு ஊர். பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்ட உருக்காலை 2002-இல் மூடியது. அதன்பின் ஐரோப்பியப் பணம் கொட்டியது. சாலை, ரயில் பாதை, கல்லூரிக் கட்டடம் எல்லாம் வந்தன. அந்த வட்டாரத்திலும் 62 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். நன்றி கெட்டவர்கள் என்று சொல்லாமல் சொன்ன கட்டுரைகள் எத்தனையோ அப்போது வந்தன. எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் தோன்றவில்லை. நல்ல சாலை போட்டுக்கொடுத்தால் அதில் ஏறி வேலை தேடி வெளியூருக்குத்தான் போக முடியும். ஊருக்குள் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வேலைக்குப் போய், ஒரே நேரத்தில் திரும்பி, ஒரே கடையில் உட்கார்ந்து பேசிய வாழ்க்கையை எந்த நிதியிலும் கட்டித்தர முடியாது.

தெற்கே வசதியாக இருக்கும் ஓய்வூதியர்களும் வெளியேறத்தான் வாக்களித்தார்கள், இதைத் தொழிலாளர் கோபம் என்று மட்டும் பார்ப்பது தவறு என்று வாதிடுவோர் உண்டு. கணக்கில் அவர்கள் சொல்வதும் சரியே. ஆனால் தொழில் நொடிந்த ஊர்களில், ஸ்டோக்கில் 69, ஹார்ட்டில்பூலில் 70, பார்ன்ஸ்லியில் 68 என்று சதவீதங்கள் ஏறியதற்கு ஓய்வூதியம் விளக்கமாகாது. முந்தைய ஆண்டுப் பொதுத்தேர்தலில் வாக்களித்தவர்கள் 66 சதவீதம். இந்த வாக்கெடுப்பிலோ 72. வாக்குச்சாவடிப் பக்கமே எட்டிப் பார்க்காதிருந்தவர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். ஒருமுறையாவது நம் சீட்டுக்கு மதிப்பிருக்கும் என்று நம்பி வந்தவர்கள்.

அந்த நம்பிக்கையை மேலே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

முதலில், இன்னொரு வாக்கெடுப்பு வேண்டும் என்ற மனுவில் 40 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். பிறகு மூன்றரை ஆண்டுகள் நாடாளுமன்றம் சுங்க ஒன்றியம், ஐரிஷ் எல்லை, ஒப்பந்தத்தின் விதிகள் என்று விடிய விடிய வாதாடியது. அவை அற்பமான விஷயங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ரெட்காரில், 2015-இல் உருக்காலையின் உலை அணைந்து வேலையிழந்தவருக்கு அடுத்த வேலை எங்கே என்ற கேள்விக்கு அந்த மூன்றரை ஆண்டில் எத்தனை இரவு ஒதுக்கினார்கள்? வெளியேறச் சொன்னவர்களும் நீடிக்கச் சொன்னவர்களும் அவையில் மோதிக்கொண்டார்கள். இரண்டு தரப்பின் வரிசைகளிலும் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படித்தவர்கள், ஒரே மாதிரி வளர்ந்தவர்கள்.

2019 டிசம்பர் தேர்தலில் தொழிலாளர் கட்சியின் கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 1950-இல் தொகுதி உருவானது முதல் பெரும்பாலும் அந்தக் கட்சியின் பிடியிலேயே இருந்த பிளைத் வேலி போனது. பொல்சோவர் போனது, செட்ஜ்ஃபீல்ட் போனது. வடக்கைத் தெற்குக்குச் சமமாக உயர்த்துவோம் என்றொரு முழக்கம் வென்ற கட்சியிடமிருந்து வந்தது. அதற்கென ஒதுக்கிய பணத்துக்கு உள்ளாட்சிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. பிறகு வடக்கே மான்செஸ்டர் வரை போக வேண்டிய அதிவேக ரயில் பாதை 2023-இல் பாதியில் ரத்தானது. வெளியிலிருந்து ஆள் வருவது குறைய வேண்டும் என்று வாக்களித்தார்கள் அல்லவா? 2023 ஜூன் வரையிலான ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. ஐரோப்பியர் வரவு குறைந்து, முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஆட்கள் போனார்கள். கேரளத்துப் பிள்ளைகளோடு நம் ஊர் நர்ஸ் பிள்ளைகளும் அதில் உண்டு. 2024 கோடையில் சண்டர்லேண்டிலும் ஹார்ட்டில்பூலிலும் ராதரமிலும் கலவரம் மூண்டபோது, பணிக்குக் கிளம்பிய வெளிநாட்டுச் செவிலியர் மீது கல் விழுந்தது. அந்தக் கல்லை எந்தக் கோபத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் கோபம் கல்லாக மாறுவதற்கு முன்னால் அதைக் கேட்க ஓர் இடம் இருந்ததா என்று நான் கேட்டே தீருவேன்.

என்னை உறுத்துவது அதுதான். ஐரோப்பாவோடு இருப்பதும் பிரிவதும்கூட எனக்கு இரண்டாம் பட்சம்.

டர்ஹாம் நகரில் ரெட்ஹில்ஸ் என்றொரு கட்டடம் இருக்கிறது. 1915-இல் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சந்தாப் பணத்தில் கட்டியது. உள்ளே ஒரு பெரிய மன்றம். சுரங்கக்காரர்களின் நாடாளுமன்றம் என்றே அதற்குப் பெயர். ஒவ்வொரு சுரங்கத்தின் கிளைக்கும் அங்கே எண் போட்ட நாற்காலி உண்டு. கிளைக்கூட்டத்தில் பேசி முடிவெடுத்ததை, அந்த நாற்காலியில் உட்காரும் பிரதிநிதி எழுந்து சொல்ல வேண்டும். மருத்துவம், வீடு, முதியோருக்கான குடியிருப்பு, நூலகம் எல்லாம் அப்படிப் பேசி நடந்தவை. கரி அப்பிய கையோடு வீடு திரும்புகிறவனின் சொல், இரண்டே படி ஏறினால் ஒரு மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தப் படிகள் இன்று இல்லை. 1979-இல் பிரிட்டனில் தொழிற்சங்க உறுப்பினர்கள் 1 கோடியே 30 லட்சம் பேருக்கு மேல். இப்போது அதில் பாதிகூட இல்லை. 1979-இல் நாடாளுமன்றத்துக்குப் போனவர்களில் உடலுழைப்பு வேலையிலிருந்து வந்தவர்கள் நூறு பேரை நெருங்கினார்கள். 2015-இல் அந்த எண்ணிக்கை இருபதைக்கூட எட்டவில்லை. 1984-இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு முதல் பொறி விழுந்த கார்ட்டன்வுட் சுரங்கத்தின் இடத்தில் இன்று கடைவளாகம். பழைய நிலக்கரி வட்டாரங்களில் பொருள் கிடங்குகள் பெருகிவிட்டன. ஷிஃப்ட் உண்டு, ஏஜென்சி உண்டு, அடுத்த வாரம் வேலை உண்டா என்பது மட்டும் தெரியாது. அங்கே வேலை செய்பவருக்குப் பக்கத்தில் நிற்பவரின் பெயர் தெரிவதற்குள் ஆள் மாறிவிடுகிறார். இவர்கள் எந்த மன்றத்தில் எந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார்கள்? நீடிக்க, வெளியேற என்ற இரண்டு கட்டம் போட்ட ஒரு சீட்டு கையில் கிடைத்தபோது, நாற்பது ஆண்டுப் பேச்சையும் அதற்குள் திணித்தார்கள். கிளைக்கூட்டமாக இருந்தால் கூலி, வாடகை, மூடிய ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாகப் பேசியிருப்பார்கள். சீட்டில் ஒரே ஒரு குறி மட்டும்தான் போட முடிந்தது. அதற்கு என்ன பொருள் என்று அவரவர் வசதிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

2024 பொதுத்தேர்தலில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 60 சதவீதம் பேர். 2016-இல் வரிசையில் வந்து நின்றவர்களில் பலர் திரும்ப வீட்டுக்குள் போய்விட்டார்கள். கலவரத்தைவிட இந்த மௌனம்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

வாக்கெடுப்பு முடிந்து பதினாறாம் நாள், 2016 ஜூலை 9, சனிக்கிழமை. 1871 முதல் நடந்துவரும் சுரங்கத் தொழிலாளர் விழாவுக்காக டர்ஹாம் தெருக்களில் வாத்திய இசை முழங்கியது. அந்த வட்டாரத்தில் ஒரு சுரங்கம்கூட அப்போது ஓடவில்லை. அந்த மாவட்டத்திலும் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் வெளியேறத்தான் வாக்களித்திருந்தார்கள். ஆனாலும் ஊர் ஊராகப் பட்டுக்கொடிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் மூடிப்போன ஒரு சுரங்கத்தின் பெயர். பழைய துணி நைந்துபோன ஊர்கள் காசு திரட்டிப் புதுக்கொடி தைக்கின்றன. தேவாலயத்துக்குள் எடுத்துப்போய் ஆசி வாங்குகின்றன. கம்பைத் தூக்கி நடப்பவர்களில் பலர் அந்தச் சுரங்கம் மூடியபிறகு பிறந்தவர்கள்.