விலைவாசியும் பணவீக்கமும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் 'விலைவாசி' என்பர்; பொருளியல் நூல்கள் 'பணவீக்கம்' என்னும். இரண்டும் ஒன்றல்ல. முன்னது விலை நிற்கும் உயரம். பின்னது அது ஏறும் வேகம். 'வீக்கம்' என்ற சொல் சற்றே மயக்குவது. உடலின் வீக்கம் வற்றினால் பழைய நிலை திரும்பும். பணவீக்கம் தணிந்தாலோ ஏறிய விலை இறங்குவதில்லை. ஏறும் வேகம் குறைகிறது, அவ்வளவே. 2025இல் மலேசியாவின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. அடுத்த ஆணை வரும்வரை அது அங்கேயே நிற்கும், விலை நில்லாது.

அவ்வேகத்திற்கு முன்கூட்டியே ஓர் எண்ணை அறிவிப்பதே பணவீக்க இலக்கு. நியூசிலாந்து 1990இல் தொடங்கிவைத்தது. இந்தியா 2016இல் 4 விழுக்காடு என வகுத்து, இருபுறமும் 2 புள்ளி இடம் விட்டது. வேகம் மிகுந்தால் மைய வங்கி வட்டியை உயர்த்தும், கடன் அருகும், வாங்குவோர் தயங்குவர். ஆயினும் வட்டியினும் வலியது அறிவித்த சொல்லே என்பது நம் கருத்து. வணிகரும் முதலாளியரும் அந்த எண்ணை நம்பினால், விலையையும் கூலியையும் அதை ஒட்டியே வகுப்பர்.

நம்பிக்கைக்குப் பொறுப்பும் வேண்டும். தொடர்ந்து மூன்று காலாண்டுகள் எல்லை மீறினால் இந்திய ரிசர்வ் வங்கி அரசுக்கு விளக்கம் எழுத வேண்டும், 2022இல் எழுதியது. பேங்க் நெகாராவுக்கும் விலை நிலைத்தன்மையைப் பேணும் கடமை உண்டு. எண்ணிட்ட இலக்கு இல்லை. 'சொன்ன எண் என்னவாயிற்று?' என்று கேமரன் மலைத் தொழிலாளி கேட்க வழியில்லை.