உங்களுக்குத் தெரியுமா? தசையைக் காக்கும் புரதங்கள்

● டிஸ்ட்ரோபின் புரதம் இல்லாததே டுஷேன் தசைச்சிதைவு நோய்க்குக் காரணம் என்பது 1987இல் தெரியவந்தது.

● தசைச் செல் சவ்வின் உட்புறம் இருக்கும் டிஸ்ட்ரோபினுக்கு, சவ்வை ஊடுருவி நிற்கும் டிஸ்ட்ரோகிளைக்கானும் சார்கோகிளைக்கான்களும் துணை.

● ஆல்பா சார்கோகிளைக்கான் பெரும்பாலும் எலும்புத்தசையிலும் இதயத்திலும் இருக்கும். எப்சிலான் வகை மூளையிலும் உண்டு.

● டிஸ்ட்ரோகிளைக்கான் மூளை, சிறுநீரகம், நரம்பு எனப் பல இடங்களில் இருக்கிறது. தொழுநோய்க் கிருமி நரம்பு உறைச் செல்லில் ஒட்டிக்கொள்வதும் இதைப் பிடித்துத்தான்.

● டுஷேன் நோய்க்கான மரபணுப் பரிசோதனையில் கோயம்புத்தூரின் எம்.டி.சி.ஆர்.சி. மையம் ஈடுபட்டுள்ளது.

காரைக்குடி வட்டாரப் பெற்றோரே, ஆண்குழந்தை அடிக்கடி விழுந்தாலோ, தொடையில் கையூன்றி எழுந்தாலோ அது டுஷேன் நோயின் அறிகுறியாக இருக்கலாம்; சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள், சி.கே. (கிரியாட்டின் கைனேஸ்) ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.