வலி உச்சத்தில் இருந்தபோது குடித்த சாறு

"முடக்கத்தான் சாறு குடித்தேன், பத்தே நாளில் முழங்கால் வலி போய்விட்டது என்று வீடியோவில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அத்தனை பேருமா பொய் சொல்வார்கள்?" கரூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை. அவர்களில் பெரும்பாலோர் நடந்ததைத்தான் சொல்கிறார்கள். சாறு குடித்தார்கள், வலி குறைந்தது. சாற்றால்தான் குறைந்ததா என்பது வேறு கேள்வி.

மூட்டுத் தேய்மான வலி ஒரே சீராக இருப்பதில்லை, ஏறி இறங்கும். மாடிப்படி ஏற முடியாமல் போகும் வாரத்தில்தான் நாம் கைபேசியை எடுத்து வைத்தியம் தேடுகிறோம். தக்காளி கிலோ 20 ரூபாய்க்கு விற்கும்போது யாரும் அதைப் பேசுவதில்லை; 120ஐத் தொட்டதும் சாமிக்கு வேண்டிக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் விலை இறங்கும், வேண்டுதல் பலித்ததாகத் தோன்றும். அதே வேண்டுதலை 20 ரூபாயில் வைத்திருந்தால், அதன்பின் விலை ஏறத்தான் செய்திருக்கும்! யூரிக் அமிலத்தால் வரும் கவுட் வலியோ லாரி வேலைநிறுத்தக் காலத்துத் தக்காளி: ஒரே இரவில் உச்சிக்குப் போகும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கும். அந்த நாட்களில் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குத்தான். குணமாகாதவர்கள் வீடியோ போடுவதும் அபூர்வம்.

உச்சத்தில் அளந்தது அடுத்த முறை பெரும்பாலும் சராசரியை நோக்கித் திரும்பும் என்பதை, பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டு 1886இல் பிரான்சிஸ் கால்டன் எழுதினார்.

மருந்தே இல்லாமல் வலி இப்படிக் குறைவது எந்த அளவுக்கு நடக்கும்? குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் மாத்திரைகளை அமெரிக்காவில் 1,583 முழங்கால் நோயாளிகளிடம் சோதித்து, முடிவை 2006இல் வெளியிட்டார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை விழுங்கியவர்களில் 60 சதவீதம் பேருக்கு 24 வாரத்தில் வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. நம்பிக்கைக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அந்த 60 சதவீதம் பேரும் கேமரா முன் உட்கார்ந்தால் எப்பேர்ப்பட்ட சாட்சியாக இருக்கும்!

மருத்துவத் தகவலை எடைபோட 1999இல் பிரிட்டனில் உருவான டிசர்ன் அளவுகோலில் 16 கேள்விகள். ஆதாரம் என்ன, தேதி உண்டா போன்றவற்றைப் பொய்த் தகவலும் ஒப்பேற்றிவிடலாம். எனக்குப் பிடித்தது 12ஆவது: எந்தச் சிகிச்சையும் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லியிருக்கிறதா? தக்காளி விலை தானாக இறங்குமா என்று கேட்கும் கேள்வி அது. விற்க வந்தவர் அதற்குப் பெரும்பாலும் வாய் திறக்கமாட்டார்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, எந்த மூட்டுவலி என்று சொல்கிறார்களா என்பது. நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டு நோய்கள் உண்டு. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுச் சவ்வைத் தாக்குகிறது. அங்கேயும் வலி இடையில் தணியும். அரித்த எலும்பு மட்டும் பழையபடி ஆகாது. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தை ஆரம்ப மாதங்களிலேயே தொடங்கினால் பலரது மூட்டைக் காப்பாற்றலாம். சாற்றை நம்பி அந்த மாதங்கள் கைநழுவிப் போவதுதான் என்னைக் கலங்கவைக்கிறது.

உடனடியாகக் கேட்கும் "இயற்கை" மாத்திரை என்றால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். இணையத்தில் விற்ற ஆர்ட்ரி கிங் என்ற மூட்டு மாத்திரையில், லேபிளில் சொல்லாமல் டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக் வலிநிவாரணியும் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் கண்டுபிடித்து எச்சரித்தது. அதில் வலி குறைந்தது நிஜம், குறைத்தது மூலிகையல்ல.

கரூர் வாசகருக்கு: முடக்கத்தான் தோசை பிடிக்குமென்றால் சாப்பிடுங்கள். காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்தால், இரு கை விரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால், வீடியோவை மூடிவிட்டு இந்த வாரமே ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் மூட்டுநோய் நிபுணர் ஒருவரைப் பாருங்கள். வலி அதற்குள் குறைந்துவிட்டாலும் போங்கள்.