உரிமத்தின் நாளும் காப்பீட்டின் பயனும்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, புனேயிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவருள் பலர் இன்று சொந்தமாகக் கார் வைத்திருக்கின்றனர். அக்காருக்குரிய காப்பீட்டுக் கட்டணத்தையும் தவறாமல் செலுத்துகின்றனர். ஆயினும், தம்முடைய ஓட்டுநர் உரிமம் எந்த நாளோடு முடிகிறது என்று கேட்டால், உடனே விடை கூறுவோர் சிலரே. காப்பீடு இருக்கும்போது உரிமத்தைப் பற்றி என்ன கவலை என்று எண்ணுவோரும் உண்டு. இவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தஞ்சாவூரில் 2005ஆம் ஆண்டு, தம் 22ஆம் வயதில் உரிமம் பெற்ற ஒருவர், பின்னர் புனேயில் வேலைக்கு அமர்ந்தார். அன்றைய விதிப்படி அவ்வுரிமம் 20 ஆண்டுகளுக்கு, அல்லது 50 வயது நிறையும் வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை செல்லும். ஆகவே 2025இல் அது முடிந்துவிட்டது. 'அடுத்த முறை ஊருக்குப் போகும்போது புதுப்பித்துக்கொள்ளலாம்' என்று அவர் இருந்துவிட்டார். ஒரு நாள் மாலை அவருடைய கார், சைக்கிளில் வந்த ஒருவர் மீது மோதிவிடுகிறது. சைக்கிளில் வந்தவருக்குக் கால் முறிகிறது. காரின் முன்புறமும் நசுங்கிவிடுகிறது. இனி நடப்பது என்ன?

அதை அறியக் காப்பீட்டின் இரு பிரிவுகளை முதலில் அறிதல் வேண்டும். நம் வண்டியால் பிறருக்கு நேரும் உயிர்ச்சேதம், உடற்சேதம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கானது மூன்றாம் நபர் காப்பீடு. இது நம் விருப்பத்தைப் பொறுத்ததன்று; 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்கியுள்ளது. நம் வண்டிக்கு நேரும் சேதத்திற்கானது மற்றொரு பிரிவு. அது நாம் விரும்பி எடுப்பது.

இவ்விரண்டையும் தாங்கிய பத்திரத்தில், வண்டியை ஓட்டலாகும் நபர் யார் என்பதைக் கூறும் ஒரு நிபந்தனை உண்டு. விபத்து நேர்ந்த வேளையில் ஓட்டியவர், செல்லத்தக்க உரிமம் உடையவராக இருத்தல் வேண்டும் என்பதே அது. நம் புனே அன்பர் அந்நிபந்தனைக்குப் புறம்பானவர். ஆதலால் நசுங்கிய காரைச் செப்பனிடும் செலவைக் கம்பெனி மறுத்துவிடக்கூடும்.

அடிபட்டவரின் நிலை என்ன? அவர் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடுவார். அங்கே கம்பெனி, 'ஓட்டியவரிடம் உரிமம் இல்லை. ஆதலால் பொறுப்பு எங்களுடையதன்று' என்று வாதிடச் சட்டம் இடம் தருகிறது. இது குறித்து உச்ச நீதிமன்றம் 2004இல் சுவரண் சிங் வழக்கில் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. உரிமம் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது. உரிமையாளர் தக்க கவனமின்றி நடந்துகொண்டார் என்பதையும் கம்பெனியே மெய்ப்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். சம்பளத்திற்கு அமர்த்திய ஓட்டுநரின் உரிமத்தைப் பார்த்துச் சரியென நம்பியவர், அது போலியென்று பின்னர் தெரியவந்தாலும் காப்பைப் பெற இத்தீர்ப்பு வழி செய்தது. ஆனால் தம் உரிமம் முடிந்ததைத் தாமே கவனியாதவர் அவ்வாறு கூறிக்கொள்ள இயலுமோ? பல வழக்குகளில் நீதிமன்றங்கள், கம்பெனி முதலில் அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று ஆணையிட்டுள்ளன. அந்தத் தொகை இலட்சக்கணக்கிலும் இருக்கக்கூடும். ஆண்டுகள் பல உழைத்துச் சேர்த்த பணமும் ஊரில் வாங்கிய மனையும் அதற்குப் போய்விடலாம்.

இதனோடு தண்டனையும் உண்டு. 2019இல் திருத்தப்பெற்ற சட்டப்படி, உரிமமின்றி ஓட்டுவோருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதித்த உரிமையாளருக்கும் அதே தண்டனையே. 'தங்கை மகன் பக்கத்துக் கடை வரைதானே ஓட்டினான்' என்பது சமாதானம் ஆகாது. ஓட்டியவர் 18 வயது நிறையாதவராயின், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதங்களுக்கு இரத்தாகும்.

உரிமம் இருத்தல் மட்டும் போதாது. அந்த வகை வண்டிக்கு உரியதாகவும் இருத்தல் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் பெற்ற உரிமம் காருக்குச் செல்லாது. பழகுநர் உரிமம் உடையவர், முழு உரிமம் உள்ள ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டே காரை ஓட்டலாம்.

இனி, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மிகவும் பயன்படும் செய்தியைக் கூறுவோம். இந்தியாவில் எங்குப் பெற்ற உரிமமும் நாடு முழுவதும் செல்லும். அதைப் புதுப்பிக்கத் தஞ்சாவூருக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டுவதில்லை. நாம் வாழும் ஊரின் போக்குவரத்து அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். முடியும் நாளுக்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே விண்ணப்பம் செய்யலாம். முடிந்தபின் ஓராண்டு கடந்துவிட்டால், மீண்டும் ஓட்டுநர் தேர்வில் தேறியாக வேண்டும். 40 வயது கடந்தோர் மருத்துவச் சான்றும் இணைத்தல் வேண்டும்.

முன்னாளில் உரிமம் முடிந்தபின் 30 நாள் சலுகை இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. ஓராண்டுக்குள் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதனால், இடைப்பட்ட நாட்களிலும் வண்டி ஓட்டலாம் என்று பொருளாகாது. முடிந்த நாளுக்கு மறுநாளே நாம் உரிமம் இல்லாதவராகிவிடுகிறோம்.

ஆகவே, காப்பீட்டுப் பத்திரத்தைப் பெட்டியில் பத்திரப்படுத்தும்போது, உரிமத்தையும் ஒருமுறை எடுத்து அதில் குறித்துள்ள நாளைப் பார்த்துக்கொள்வோமாக. வண்டியின் சாவியைப் பிறர் கையில் கொடுக்குமுன் அவருடைய உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பதற்கும் கூச்சப்பட வேண்டுவதில்லை. நம் குடும்பத்திற்கும், தெருவில் நம் வண்டியின் எதிரே வருபவரின் குடும்பத்திற்கும் அதுவே காப்பு.