தாத்தா நெத்தியில அக்கியா? உஷார்!

ஆரணியில தறிச் சத்தம் கேட்டே வளர்ந்த ஆளா நீங்க? அப்போ உங்களுக்கே தெரியும். பாவுல அறுந்த இழையைத் தேடிப் பிடிச்சு முடிச்சுப் போட தாத்தாவுக்குக் கண்ணுதான் மூலதனம்!

அதுக்கே வேட்டு வைக்கிற வில்லன் ஒருத்தன் இருக்கான். பேரு அக்கி. சின்ன வயசுல வந்த சின்னம்மை வைரஸ் உடம்பை விட்டுப் போறதில்லை, நரம்புக்குள்ள பதுங்கிக்கும். வயசாகி எதிர்ப்புசக்தி குறைஞ்சா முழிச்சுக்கும்.

'மெட்ராஸ் ஐ' பெரும்பாலும் தானா சரியாகிடும். இது அப்படியில்ல பாஸ்! நெத்தியில ஒரு பக்கம் மட்டும் எரிச்சல், கொப்புளமா? கண்ணுக்கும் ஆபத்து. மூக்கு நுனியிலயும் இருந்தா டபுள் ஆபத்து. கருவிழி தழும்பாகி பார்வையே போகலாம்.

குயவர்கிட்ட போய் காவி குழைச்சு 'அக்கி எழுதுறது' நம்ம ஊர் வழக்கம். கிண்டல் பண்ண வேணாம். ஆனா, காவிக்கு வைரஸை அடக்கத் தெரியாது. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள டாக்டர் தரும் வைரஸ் மாத்திரையை ஆரம்பிக்கிறதுதான் பெஸ்ட்.

வராமலே தடுக்க 'ஷிங்ரிக்ஸ்' தடுப்பூசி 2023-ல் இந்தியாவுக்கு வந்தாச்சு. 50 வயசு தாண்டியவங்களுக்கு 2 டோஸ்; இடைவெளி 2 முதல் 6 மாதம். ஆய்வுகளில் 90 சதவீதத்துக்கு மேல் பலன். அரசோட இலவசப் பட்டியல்ல இல்லை, விலை கையைக் கடிக்கும். டாக்டர்கிட்ட கேட்டு முடிவெடுங்க.

''இந்தச் சேலை முடியட்டும்டா, அப்புறம் போலாம்''னு தாத்தா சொல்வார். விடாதீங்க. சேலை காத்திருக்கும், கண்ணு காத்திருக்காது. எடுங்க பைக்கை!