மின்விபத்தில் முதற்கடமை

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. அது தாக்கித் துடிப்பவரைக் கையால் பற்றி இழுத்தால், இழுப்பவரையும் தாக்கும். ஆதலின் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துதல் வேண்டும். அஃது இயலாதெனில், உலர்ந்த பலகைமேல் நின்று உலர்ந்த மரக்கழியால் அவரை விலக்கலாம். மூச்சு நின்றிருப்பின் 108 எண்ணை அழைத்து, உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்தல் வேண்டும்.

தெருவிலுள்ள உயரழுத்த மின்கம்பிக்கு மரக்கழியும் காப்பாகாது. 27.04.2022 அன்று தஞ்சையை அடுத்த களிமேட்டில், திருவிழாத் தேர் அத்தகைய கம்பியில் உரசியதால் 11 பேர் உயிரிழந்தனர். கம்பி அறுந்து கிடப்பின், விலகி நின்று மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழைத்தலே தக்கது.

வீட்டில் பொருத்தப்படும் மின்கசிவுத் தடுப்பான் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும். அஃது அடிக்கடி துண்டிப்பது எச்சரிக்கையாகும். அப்போது அதனைக் கழற்றிவிடாமல், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்தலே அறிவுடைமை.